சூடம் அணைத்த கை

இன்று காலை கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. ஊதுபத்தி, விபூதி, சாம்பிராணி, அதோடு சூடம் பெரிய பெட்டியாக ஒன்று. லோரிக்காரன் இறக்கிய வேகத்தில் பெட்டியின் மூலை பிய்ந்து, வில்லைகள் தரையெங்கும் சிதறிவிட்டன. உட்கார்ந்து பொறுக்கினேன். வருஷக்கணக்கில் சூடம் விற்கிறவள் நான். அந்த வாசனை என் மூக்கில் ஏறுவதே இல்லை. இன்றைக்கு ஏறியது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகாமல், மத்தியானச் சோற்றிலும் அதே வாசனை. உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் என்றாலே உனக்குப் பயம். தபால்காரர் நம் ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தால், "யாரு செத்தாங்கன்னு கேளுடி" என்று என்னை முன்னால் தள்ளிவிடுவாய். இப்போது நீயே போய்ச் சேர்ந்துவிட்டாய். இனி உனக்கு எந்தக் கடிதத்துக்கும் பயம் வேண்டாம்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவன், "அந்தப் பொம்பள சாமி முன்னாடி நிக்க மாட்டேன்னு ஓடிப் போனவதான" என்றான், என் காதில் விழட்டும் என்றே. இலையை மூடிவிட்டு எழுந்தேன். "ஓடல அண்ணே. நடந்துதான் போனா. நானுந்தான் கூட நடந்தேன். ஒங்களுக்கு ஞாபகம் இல்லன்னா கேளுங்க, இங்கயே சொல்றேன்," என்றேன். அவன் பாயசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

நீயும் நானும் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். கல்யாணமாகி நான் மலாக்கா டவுனுக்கு வந்தேன். பாச்சாங் கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் பூக்கட்டி விற்று, பிறகு அதே வரிசையில் பூஜைச் சாமான் கடை போட்டேன். நீ தோட்டத்திலேயே நின்றுவிட்டாய். உன் வீட்டுக்காரர் லோரி விபத்தில் போன பிறகும், விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போனாய். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சுங்கை ரம்பாய் பஸ்ஸைப் பிடித்து, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வருவாய். வாசலில் நின்று குரலை மாற்றிக்கொண்டு, "முதலாளிம்மா, எதாச்சும் தர்மம் பண்ணுங்க" என்பாய். "ஆளுங்க இருக்கும்போது சொல்லாதடி" என்றால் இன்னும் சத்தமாகச் சொல்வாய். பாப்பா உள்ளே வந்து குங்குமச் சிமிழ்களை நிறம் பார்த்து அடுக்குவாள். நான் அடுக்கி வைத்ததைக் கலைத்து அடுக்குவாள். எனக்குக் கோபமே வராது.

அந்த ஒரு சனிக்கிழமை நீ வாசலில் நின்று தர்மம் கேட்கவில்லை. நேராகக் கடையின் பின்கட்டுக்கு வந்தாய். பாப்பா குங்குமச் சிமிழ் பக்கமே போகவில்லை. உன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாம் வகுப்புப் பிள்ளை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றாள்.

"புதன்கிழம டியூசனுக்குப் போக மாட்டேங்குறா. ஏன்னு கேட்டேன்," என்றாய். "சார் கதவ சாத்திருவாரும்மா, அப்படின்றா."

அதற்கு மேல் அவள் உன்னிடம் சொன்னதையும், நீ என்னிடம் சொன்னதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அது பாப்பாவுக்குச் சொந்தமானது. கேட்கிறவர்களில் புத்தி உள்ளவர்களுக்கு அந்த முதல் வரியே போதும்.

அந்த வாத்தியாரை 'அவன்' என்றே எழுதுகிறேன். வாத்தியார் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அவன் தோட்டத்துப் பள்ளிக்கு வந்த புதிதில் எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். புதன்கிழமை மத்தியானம் இலவச டியூஷன். யாருக்கு? தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு, அதுவும் பெண் பிள்ளைகளுக்கு. "என்னா மனசு பாத்தியா" என்று நீயே என்னிடம் புகழ்ந்தாய். நான் கடைக்காரி. திருட வருகிறவன் எந்த அலமாரியைப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். கண்காணிப்பு எங்கே இல்லையோ அங்கே பார்ப்பான். அவன் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த விதமே அவனைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஒரு தோட்டம் முழுக்கப் பெரியவர்கள் இருந்தோம். ஒருவர்கூட அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. புண்ணியம் என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடினால் நம் ஆட்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை.

"வா, இப்பவே போலீசுக்குப் போவோம்," என்றேன். நீதான் தடுத்தாய். "மொதல்ல பள்ளிக்கூடத்துல கேக்குறேன்டி. அது நம்ம பள்ளிக்கூடம். நீயும் நானும் படிச்சது. அங்க கேக்காம எப்படி வெளிய போறது?"

உன் நம்பிக்கையை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அதற்கு அவர்கள் கொடுத்த பதிலை நினைத்தால் இன்னும் எரிகிறது.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியர் நம்மை உட்காரச் சொன்னார். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நெசமாவாம்மா?" என்றார். நீ, "புள்ள சொல்லுது சார்," என்றாய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர் பேசியதில் பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நம்ம பள்ளிக்கூடத்துல புள்ளைங்க எண்ணிக்க கொறஞ்சுகிட்டே வருது, ஒங்களுக்கே தெரியும். இந்த மாதிரி ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா, மத்தவன்லாம் என்னா சொல்லுவான்? தமிழ்ப் பள்ளின்னாலே இப்படித்தான்னு சொல்லுவான். இழுத்து மூடிட்டாங்கன்னா நம்ம சமுதாயம் எங்க போறது?"

நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சமுதாயம் எங்கயாச்சும் போகும் சார். எம்புள்ள நாளைக்குக் காலைல எந்த வகுப்புக்குப் போறது? அத மொதல்ல சொல்லுங்க."

 அவர் அவனை அன்றைக்கே வகுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கலாம். மேலிடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அந்த டியூஷன் நடந்த அறையையாவது பூட்டியிருக்கலாம். "கமிட்டியில பேசுறேன்" என்று நம்மை அனுப்பி வைத்தார். வெளியே வரும்போது அதே அவன், வராந்தாவில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான். உனக்கு வணக்கம் சொன்னான். நீ பதில் வணக்கம் சொல்லவில்லை என்று அதையும் பிறகு உன்மேல் ஒரு குற்றமாகச் சொன்னார்கள்.

தமிழ்ப் பள்ளி வேண்டும் என்பதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் வீடு வீடாக ஏறி இறங்கி, "ஒன்னாம் வகுப்புக்கு நம்ம பள்ளிக்கே அனுப்புங்க" என்று கெஞ்சியவர்களில் நானும் ஒருத்தி. எதற்குக் கெஞ்சினேன்? பிள்ளைக்காகப் பள்ளிக்கூடம் என்று நினைத்துக் கெஞ்சினேன். பள்ளிக்கூடத்தின் பெயருக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே கோயில் தலைவர் எனக்கு ஆள் அனுப்பினார். அவர் தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேய்க்கிற கங்காணி. பள்ளிக் கமிட்டியிலும் அவர்தான். யாருக்கு எந்த மரவரிசை என்று வெட்டுப் பிரித்துக் கொடுப்பவரும் அவர், திருவிழாவுக்கு என்னிடம் பூ ஆர்டர் கொடுப்பவரும் அவர். அவர் சொல்லியனுப்பியது இதுதான்: "நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும். வெள்ளிக்கெழம பூச முடிஞ்சதும் கோயிலுக்குக் கூட்டிகிட்டு வாங்க. ரெண்டு பேரும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். சாமி பாத்துக்கும். போலீசு கீலீசுன்னு நம்ம மானத்த நாமே வாங்கிக்க வேணாம்."

தோட்டத்தில் இது பழைய வழக்கம். கோழித் திருட்டு, வேலித் தகராறு, வாங்கிய கைமாற்றை வாங்கவில்லை என்பது, எல்லாவற்றுக்கும் இதுதான் கோர்ட்டு. தட்டில் சூடம் ஏற்றி, சாமி பேரைச் சொல்லி, உள்ளங்கையால் நெருப்பை அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று நம்பிக்கை. 'ரெண்டு பேரும்' என்றால் அவனும் நீயும் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன், நீயும் வந்தாய். அவன் ஒருவேளை சாமிக்குப் பயந்து நடுங்கி உளறிவிடுவான் என்றுகூட உனக்கு ஒரு நப்பாசை இருந்தது. "அணைக்கிறேன்டி. எனக்கென்னா பயம்?" என்று வேனில் வரும்போது சொன்னாய்.

பூசை முடிந்தது. தலைமையாசிரியர் ஒரு தூணோரம் நின்றார். அவன் வேட்டி கட்டி, பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தான். தலைவர் தட்டில் சூடத்தை வைத்தார்.

"மொதல்ல சார் அணைக்கட்டும். அப்பறம் பாப்பா."

"எந்தப் பாப்பா?" என்றாய்.

"ஒம் மகதாம்மா. பழி சொன்னது அதுதான?"

உன் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அதற்குள் அவன் முன்னால் வந்துவிட்டான். ஏதோ முணுமுணுத்தான். கொசு அடிப்பதுபோல ஒரு தட்டு தட்டினான். நெருப்பு அணைந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ, "பாத்தியா, ஒன்னும் ஆகல" என்றார்கள். தலைவர் அடுத்த வில்லையை ஏற்றினார். ஏற்றிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "வாம்மா பாப்பா. நெசமா இருந்தா வந்து அணை," என்றார்.

பாப்பா நெருப்பைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது பக்கத்தில் நின்ற அவனை. உன் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எம்புள்ள கைய வைக்க மாட்டா," என்றாய்.

"பொய் சொல்லலன்னா என்னாம்மா பயம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்தே சொன்னாய். "பெரியவங்க கூப்புட்ட எடத்துக்கு ஒரு தடவ போனா. பெரியவங்க சொன்னதக் கேட்டா. அதுக்குத்தான் இன்னைக்கு இங்க நிக்கிறா. இனிமே போவ மாட்டா."

"அப்பன்னா பொய்யின்னு ஒத்துக்கிட்ட மாதிரிதான," என்றார் தலைவர்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "தலைவரே, இந்தச் சூடம் எங்கடைச் சரக்கு. பாதி மெழுகு. நல்லவன் தட்டுனாலும் அணையும், கெட்டவன் தட்டுனாலும் அணையும். கை வெந்தா மருந்து போடணும், அவ்வளவுதான். நெசம் பொய்யெல்லாம் நான் கலந்து விக்கல லா."

யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டான். பையனின் அம்மா அவன் தலையில் தட்டினாள்.

"கடைக்காரம்மா, சாமி முன்னாடி பேசுற பேச்சா இது?"

"சாமியக் கொண்டாந்து இவனுக்குச் சாட்சியா நிறுத்துனது நீங்க. நாங்க வேற சாட்சி பாத்துக்குறோம்."

நடந்தோம். கோயில் வாசலிலிருந்து வேன் வரைக்கும், மூன்று பேரும் கை கோத்துக்கொண்டு. அதைத்தான் இன்றைக்கு ஓடினாள் என்கிறார்கள்.

எத்தனை தடவை யோசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கோழி திருடியவனுக்கும் கோழிக்காரனுக்கும் நடுவில் வைக்கிற தட்டை, ஒரு குழந்தைக்கும் அவளுக்குக் கெடுதல் செய்தவனுக்கும் நடுவில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் சமம் என்று நினைத்தார்கள். அவன் சம்பளம் வாங்குகிற பெரிய மனிதன். பிரம்பு அவன் கையில். தலைமையாசிரியர் அவன் பக்கத்தில். தலைவர் அவன் பக்கத்தில். அவள் பக்கத்தில் தாய் ஒருத்தி. இதில் குழந்தை நெருப்பில் கை வைத்தால்தான் நம்புவோம் என்கிறார்கள். அவளும் அணைத்திருந்தால்? "ரெண்டு பேரும் அணைச்சிட்டாங்க, சாமி சமாதானமா போகச் சொல்லிட்டாரு" என்று எழுந்து போயிருப்பார்கள். எப்படி அணைத்தாலும் அவனுக்குத்தான் லாபம். இப்படி ஒரு வியாபாரத்தை நான் செய்தால் ஊர் என்னைக் கொள்ளைக்காரி என்று சொல்லும்.

போலீஸ் நிலையத்தில் ஒரு மலாய் சார்ஜன். உனக்குத் தெரிந்தது சந்தையில் பேசுகிற பாசார் மலாய். நான் எடுத்துப் பேச வாயைத் திறந்தேன். நீ என் கையை அழுத்திவிட்டு நீயே சொன்னாய். பாப்பாவைக் காட்டி, "சிக்கு துத்துப் பிந்து," என்றாய். வாத்தியார் கதவைச் சாத்துகிறார். உனக்கு வந்த மலாய் அவ்வளவுதான்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பாப்பாவை ஒருமுறை பார்த்தார், உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். அறையில் இருந்த ஆண்களையெல்லாம் வெளியே போகச் சொன்னார். ஒரு பெண் போலீசை வரவழைத்து உட்காரவைத்துவிட்டு, தானும் வெளியே வந்தார். கேண்டீனிலிருந்து மைலோ ஒன்று வாங்கி வந்து பாப்பாவிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். மத்தவன் என்னா சொல்லுவான், மத்தவன் என்னா சொல்லுவான் என்று தலைமையாசிரியர் பயந்தாரே, அந்த மத்தவன் சொன்னது இதுதான்: பிள்ளை ஏதாவது சாப்பிட்டதா?

ஆனால் வேறு சாட்சி இல்லாமல் வழக்கு எடுபடவில்லை. அதே டியூஷனுக்குப் போன இரண்டு பிள்ளைகளின் தாய்மார்கள், தண்ணிக் குழாயடியில் உன்னிடம் அழுதவர்கள், போலீஸ் வந்து கேட்டபோது தெரியாது என்றார்கள். தலைவர் முந்தின நாளே அந்த வீடுகளுக்குப் போய்விட்டு வந்திருந்தார். "நம்ம பள்ளிக்கூடத்த நாமே காட்டிக் குடுக்கலாமா?" என்று கேட்டாராம். அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு வெட்டுப் பிரித்துக் கொடுப்பவர் அவர்.

பிறகு அவனுக்கு மாற்றல் வந்தது. பிரியாவிடை விருந்து வைத்தார்கள். பள்ளி மண்டபத்தில் வாழ்த்துரை, மீ கோரேங் சாப்பாடு, பொன்னாடை. பள்ளிக்கும் தோட்டத்துக்கும் அவன் ஆற்றிய சேவையைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசினார்கள்; உன் லயத்து வாசல் வரைக்கும் கேட்டதாகச் சொன்னாய். நான் தலைவரிடமே போய்க் கேட்டேன். "அதான் மாத்தியாச்சுல்ல, இன்னும் என்னா வேணும் ஒங்களுக்கு?" என்றார், நமக்கு ஏதோ விட்டுக்கொடுத்தவர் மாதிரி. கெட்டுப்போன எண்ணெயை என் கடையிலிருந்து எடுத்து அடுத்த ஊர்க் கடையில் வைத்து விற்றால், அதற்குப் பெயர் நடவடிக்கையா? சுகாதாரக்காரர்கள் வந்து என் கடைக்குச் சீல் வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அதையே செய்தால் பொன்னாடை போடுகிறார்கள்.

உனக்குக் கோபம் வந்த இடம் வேறு. "அங்கயும் புள்ளைங்க இருக்குல்லடி?" என்றாய். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய்.

ஒரு நாள் என்னிடம்கூடச் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி, அவன் போன பள்ளியின் கேட்டுக்கு முன்னால் போய் நின்றாய். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்களிடம் ஒவ்வொருத்தியாகச் சொன்னாய். அவர்கள் உன்னைப் பைத்தியம் என்றார்கள். ஒருத்தி குடையால் தள்ளினாள். திரும்பும் வழியில் என் கடைக்கு வந்து தண்ணீர் கேட்டாய். "வெரட்டி வுட்டாளுங்க," என்று சொல்லிச் சிரித்தாய். "ஆனா காதுல விழுந்துச்சுல்ல? காதுல விழுந்தது விழுந்ததுதான்."

தோட்டத்தில் அதற்குப் பிறகு உன்னை வாழவிடவில்லை. ஏறி இறங்கி முதுகொடிகிற மேட்டு வெட்டாகப் பார்த்துப் பார்த்து உனக்கே கொடுத்தார் தலைவர். குழாயடியில் நீ வந்தால் பேச்சு நிற்கும். டவுன் பக்கம் குருபோங்கில் ஒரு அறை பிடித்துக்கொண்டு, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனாய். பாப்பாவைப் பக்கத்திலிருந்த மலாய்ப் பள்ளியில் சேர்த்தாய். தமிழ்ப் பள்ளியைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பள்ளியை விட்டுப் போனாள். சனிக்கிழமைகளில் என் கடையில் வைத்துத்தான் அவளுக்குத் தமிழ் எழுத்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டோம். ஊதுபத்திப் பாக்கெட்டைப் படித்தே முக்கால்வாசித் தமிழ் கற்றாள்.

போன வருஷம் உன் கிட்னி உன்னைக் கைவிட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "முதலாளிம்மா, எம்பொண்ண ஒங்கடைல வேலைக்குச் சேக்காத. படிக்க வை," என்றாய். படிக்கிறாள். இடைநிலைப் பள்ளியில் பாரம் நான்கு, பத்தாம் வகுப்பு மாதிரி. என் வீட்டில்தான் இருக்கிறாள். குங்குமச் சிமிழ்களை இன்னும் கலைத்துத்தான் அடுக்குகிறாள்.

இப்போது உனக்குத் தெரியாத செய்தி.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்தாள். எதுவும் வாங்கவில்லை. ஆள் போகட்டும் என்று காத்திருந்து, "இங்க ஒங்களுக்குச் சிநேகிதியாமே ஒரு அக்கா, தோட்டத்துலருந்து வந்தவங்க, அவங்களப் பாக்கணும்," என்றாள்.

"எதுக்கும்மா?"

"பல வருசத்துக்கு முன்னாடி எங்க பள்ளிக்கூடத்துக் கேட்டுல வந்து நின்னாங்க. அந்த சார் பக்கம் புள்ளைங்களத் தனியா விடாதீங்கன்னாங்க. ஏதாச்சும்னா பாச்சாங் பூச சாமான் கடைல வந்து என்னக் கேளுங்கன்னும் சொன்னாங்க. அப்ப எம்புள்ள கைக்கொழந்த, மூத்தவனக் கூப்புட வந்திருந்தேன். நாங்க எல்லாரும் வெரட்டி வுட்டோம். நான்தான் கொடையால தள்ளுனேன்." அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "இப்ப எம்புள்ள எங்கிட்ட வந்து சொல்லுது. சொன்ன ஒடனே அந்த அக்கா குரல்தான் காதுல கேட்டுச்சு. அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். அடுத்து என்னா செய்யணும்னும் கேக்கணும்."

நீ இல்லை என்று சொன்னேன். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கேயும் கமிட்டி, அங்கேயும் பள்ளிப் பேரு, அங்கேயும் வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் சூடம் அணைப்பதாக ஏற்பாடாம். தலைவர்தான் வேறு, பேச்சு ஒரு எழுத்து மாறவில்லை.

"வெள்ளிக்கெழம நீ கோயிலுக்குப் போகாத. நாளைக்குக் காலைல நாம போலீசுக்குப் போறோம்," என்றேன். ஊதுபத்தி அலமாரிக்குப் பின்னாலிருந்து பாப்பா வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நானும் வர்றேன் பெரியம்மா."

"ஒனக்குப் பரீச்ச இருக்கு."

"அம்மா இருந்தா வந்திருப்பாங்கல்ல?" என்றாள். 

போனோம். இந்தத் தடவை இரண்டு வாக்குமூலம். பாப்பா மலாயில் பேசினாள், ஒரு வார்த்தை தடுமாறாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல். அதைக் கேள்விப்பட்டு, குழாயடியில் அழுத அந்த இரண்டு தாய்மார்களில் ஒருத்தியும் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனைப் பிடித்து விசாரிக்கிறார்கள். பள்ளிக்கு வரக்கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோர்ட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உனக்கு எழுதமாட்டேன்.

நம் தோட்டத்துத் தலைவர் கடைக்கு வந்தார். கிழடாகிவிட்டார், குரல் மட்டும் அப்படியே. "பழசக் கெளறாதீங்க. பள்ளிக்கூடம் பேரு பேப்பர்ல வந்துச்சுன்னா, எங்க கோயிலு பூவும் சூடமும் இனிமே ஒங்ககிட்ட எடுக்க மாட்டோம்." "எடுக்காதீங்க," என்றேன். "நான் பூக்கட்டி வித்த காலத்துல ஒங்க கோயில நம்பியா ஒக்காந்தேன்? போயிட்டு வாங்க." அவர் ஆர்டரோடு இன்னும் இரண்டு கோயில் ஆர்டரும் போயிற்று. போகட்டும். கடை நடக்கிறது.

வாக்குமூலம் முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பாப்பா என்னிடம் ஒன்று சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவளாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாரும் நெசமாவா நெசமாவான்னுதான் கேட்டாங்க பெரியம்மா. பக்கத்து வீட்டு அக்கா, பெரிய வாத்தியாரு, தலைவரு, எல்லாரும். அம்மா மட்டும் கேக்கல."

"அம்மா என்னா கேட்டா?"

"நான் கொஞ்சம் சொன்னேன். அம்மா அழல, கத்தல. 'இன்னும் இருக்கா, இல்ல இன்னைக்கு இது போதுமா?'ன்னு கேட்டாங்க. போதும்னேன். சரின்னு தலை வாரி விட்டாங்க. அடுத்த நாளு நானாவே மிச்சத்தச் சொன்னேன்."

நீ இதை என்னிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றுகூட உனக்குத் தோன்றியிருக்காது.

நான் 'நெசமாவா'வை வைத்துப் பிழைக்கிறவள். அந்தக் கடையில் இன்ன விலை என்று எவனாவது சொன்னால், என் வாயில் முதலில் வருவது அதுதான். வரவும் வேண்டும். ஆனால் பிள்ளைகள் வந்து நிற்கும்போது அந்தச் சொல்லைக் கல்லாவுக்குள் போட்டுவிட வேண்டும் என்பதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று பழகும்போதுதான் தெரிகிறது. நாக்கு நுனியிலேயே நிற்கிறது.

நேற்று அந்தப் பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். தாய் பாப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோது சின்னது என் பக்கம் வந்து, கல்லா மேசையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே, தன் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பற்றி மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். காத்திருந்த ஆட்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவள் உயரத்துக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் இருக்கா, இல்ல இன்னைக்கு இது போதுமா?" என்றேன்.

"இன்னும் இருக்கு," என்றாள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.